பாக்கி ரவை எங்கே போகும்?



இரண்டு வாரமாக நம் குடும்பத்துக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பெரியப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை யார் எடுத்துக்கொள்வது என்பதுதான் அந்தப் பேச்சு. போன வருஷம் அண்ணன் காலமானதும் அண்ணி அதை முறையாகப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். இப்போது அண்ணன் மகன் அதைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறான். ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். "வம்சத்துச் சொத்துடா, விடாதே" என்கிறார் ஒருவர். "எதுக்குடா வம்பு" என்கிறார் இன்னொருவர்.

அவன் என்னிடம் போனில் பேசினான். "சித்தப்பா, குழல் ரொம்ப நீளமா இருக்கு. ஒரு அடி அறுத்துட்டா கைக்கு அடக்கமா இருக்கும்னு சொல்றாங்க. மரவள்ளிக் கொல்லையில பன்னி வந்தா ஒரு வெடி போடலாம்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் நல்ல பிள்ளைதான், படித்தவன்தான். ஆனால் அந்த ஒரே பேச்சில் மூன்று தப்பு இருந்தது. அவனுக்கு மட்டும் தனியாகப் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கீழ்நாட்டில் இப்படித் தாத்தா துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகள் பல உண்டு. மேலே கல்வராயன் மலையில் கூரைக்குள் நாட்டுத் துப்பாக்கி செருகி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. இரண்டு பக்கத்திலும் என் மாணவர்கள் இருக்கிறார்கள். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிஷம் பொறுத்தவர்கள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய லைசென்ஸ் பழைய தென்னார்க்காடு ஜில்லா காலத்தது, கடலூரில் வாங்கியது. 1993இல் ஜில்லா பிரிந்தபின் புதுப்பிக்க விழுப்புரம் போனார்கள். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே மாவட்டமானது. ஒரே துப்பாக்கி மூன்று கலெக்டர் ஆபீசைப் பார்த்துவிட்டது.

அறுபதுகளில் ஏரி வற்றும் காலத்தில் அவர் காடை, கவுதாரிக்குப் போவார். தோட்டாப் பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னாலேயே ஓடுவேன். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெரியப்பா பையை ஆணியில் மாட்டினார். அப்புறம் எடுக்கவே இல்லை. 1991இல் வந்த திருத்தத்தோடு நாட்டில் வேட்டை என்பதே முடிந்துபோனது. அவர் சுட்டதெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. அவரிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

புதுத் தோட்டாப் பெட்டி வாங்கி வந்தால் அவர் முதலில் காட்டுக்குப் போக மாட்டார். ஏரிக்கரையின் உள்பக்கம், பின்னால் உயரமான மண்மேடு இருக்கும் இடத்தில், ஒரு பழைய வேட்டியில் செய்தித்தாளை ஒட்டிக் கட்டுவார். நாற்பது கஜம் அளந்து நிற்பார். ஒரு வெடி. பிறகு என்னைக் கூப்பிட்டு, ஆணியும் கயிறும் வைத்து முப்பது அங்குல விட்டத்தில் ஒரு வட்டம் போடச் சொல்வார். வட்டத்துக்குள் எத்தனை ஓட்டை, எண்ணு என்பார். எண்ணுவேன். தோட்டாவில் மொத்தம் எத்தனை ரவை என்று அவருக்குத் தெரியும். "நூத்துக்கு எத்தனைடா?" என்பார். உங்களுக்கெல்லாம் நான் சதவீதம் சொல்லிக்கொடுத்தேனே, எனக்கு அது புரிந்த இடம் அந்த ஏரிக்கரைதான்.

சரி, இப்போது பாடம்.

இரட்டைக்குழல் துப்பாக்கி என்றால் வெறுமனே இரண்டு வெடி என்று நினைக்கிறோம். விஷயம் அது மட்டும் இல்லை. பெரியப்பாவின் துப்பாக்கியில் இரண்டு குழலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கீழே இரண்டு விசை. வழக்கமாக முன் விசை வலது குழலை வெடிக்கும், பின் விசை இடது குழலை வெடிக்கும். பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தாலும் இரண்டும் ஒன்று கிடையாது. வலது குழலின் வாய் கொஞ்சம் அகலம். இடது குழலின் வாய் கொஞ்சம் குறுகல். வாயில் இருக்கும் அந்தக் குறுக்கத்துக்குத்தான் சோக் என்று பெயர்.

பம்ப்செட் ஹோஸில் தண்ணீர் விடும்போது நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் கட்டுப்பட்டுத் தூரம் போகிறதல்லவா? அச்சு அசலாக அப்படி இல்லை என்றாலும் மனசில் வாங்கிக்கொள்ள அந்த உதாரணம் போதும். குறுகலான வாய் ரவைகளைக் கொஞ்சம் சேர்த்துப் பிடித்து அனுப்பும். அகலமான வாய் சீக்கிரமே விரித்துவிடும். பறவை காலடியிலிருந்து எழுந்து விலகிப் பறக்கும். முதல் வெடிக்கு அது கிட்டத்தில் இருக்கும், அதற்கு அகல வாய். இரண்டாவது வெடிக்குள் தூரம் போயிருக்கும், அதற்குக் குறுகல் வாய். இரண்டு தூரத்துக்கு இரண்டு சோக், எது வேண்டும் என்பதை விரல் முடிவு செய்யும். இரட்டைக்குழலின் சூட்சுமம் இவ்வளவுதான்.

எவ்வளவு குறுக்கம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். நம் ஊரில் பரவலாக உள்ளது 12 போர். குழலின் விட்டத்துக்குச் சரியாக ஈயக் குண்டு உருட்டினால் 12 குண்டு ஒரு பவுண்டு எடை வரும், அதனால் அந்தப் பெயர். விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். அதன் வாயில் முழு சோக் என்பது சுமார் 1 மில்லிமீட்டர் குறுக்கம். ஒரு கேழ்வரகு மணி அளவுதான். அரை சோக் என்றால் அதில் பாதி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் கிரீனர் போன்ற துப்பாக்கிக் கம்மியர்கள் இந்த ஒரு மில்லிமீட்டரைப் பிடித்துக்கொண்டுதான் பேர் வாங்கினார்கள்.

பெரியப்பா செய்த அதே சோதனைதான் உலகம் முழுவதும் பழைய அளவுகோல். நாற்பது கஜம், அதாவது சுமார் 36 மீட்டர். முப்பது அங்குல வட்டம், அதாவது 76 சென்டிமீட்டர். அதற்குள் எத்தனை சதவீதம் ரவை விழுகிறது? சோக்கே இல்லாத குழலுக்குச் சுமார் 40. கால் சோக்குக்கு 55. அரை சோக்குக்கு 60. முக்கால் சோக்குக்கு 65. முழு சோக்குக்கு 70. தோட்டாவைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். அதனால்தான் பெரியப்பா ஒவ்வொரு பெட்டிக்கும் சுட்டுப் பார்த்தார்.

இப்போது என் கேள்வி. ஆறாம் நம்பர் ரவை ஒரு அவுன்சுக்குச் சுமார் 270 இருக்கும். முழு சோக்கில் 70 சதவீதம் என்றால் 189 வட்டத்துக்குள். பாக்கி 81. சோக் இல்லாத குழலில் 108 உள்ளே. பாக்கி 162.

அந்தப் பாக்கி எங்கே போகிறது?

சுடுகிறவன் வட்டத்துக்குள் விழுந்ததை மட்டும் எண்ணுகிறான். வட்டத்துக்கு வெளியே போனதை யாரும் எண்ணுவதில்லை. ஆறாம் நம்பர் ரவை குழலை விட்டால் சுமார் 200 மீட்டர் வரை போய் விழும். பெரிய ரவை, நம் ஆட்கள் பன்றிக்கு என்று சொல்லும் எஸ்.ஜி. இருக்கிறதே, அவுன்சுக்கு எட்டே எட்டு குண்டு, அது 600 மீட்டரையும் தாண்டும். சோக் அந்தத் தூரத்தைக் குறைக்காது. சோக் என்பது கூட்டத்தைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்துகிற வாசல், அவ்வளவுதான். வாசலைத் தாண்டிய பின் ஒவ்வொரு ரவையும் தன் வழியில் போகும்.

இதை நான் ஏரிக்கரையில் பாதிதான் கற்றுக்கொண்டேன். மீதியை மலையில் கற்றேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு முதல் போஸ்டிங் கல்வராயன் மலையில். கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறினால் மேலே போய்ச் சேர்வதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். சடையக்கவுண்டன், குரும்பக்கவுண்டன், ஆரியக்கவுண்டன் என்று மூன்று ஜாகீர்களாக இருந்த மலை. ஜாகீர்தாரி 1976இல்தான் ஒழிந்தது. நான் போனபோது அந்தப் பழைய காலம் முழுசாக இறங்கியிருக்கவில்லை. பட்டா இல்லாத நிலம், கரண்டு இல்லாத ஊர். ஆனால் சாமையும் தேனும் கொடுத்து வாத்தியாரைப் பார்த்துக்கொண்ட ஜனங்கள். அந்தச் சோறு இன்னும் என் உடம்பில் இருக்கிறது. அதனால் அவர்களைக் குற்றவாளி மாதிரி யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். கெட்டிக்காரன். ஒரு நாள் விடியற்காலை அவன் அப்பா என் அறைக் கதவைத் தட்டினார். பையனைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டிருந்தார். ராத்திரி கொல்லைக் காவலுக்குப் பரணில் படுத்திருக்கிறான். பக்கத்துக் கொல்லையில் பன்றி இறங்கியிருக்கிறது. அந்தக் கொல்லைக்காரர் நாட்டுத் துப்பாக்கியால் ஒரு வெடி போட்டிருக்கிறார். வேறு யாரும் இல்லை, பையனின் சொந்தத் தாய்மாமன். பன்றி ஓடிவிட்டது. பரண் இருந்தது எதிர்த் திசையில் கூட இல்லை, நன்றாக ஒதுங்கித்தான் இருந்தது. அப்படியும் மூன்று ரவை பையன் மேல். இரண்டு தோளில், ஒன்று கழுத்துக்குக் கீழே.

முதல் பஸ்ஸில் கீழே கூட்டிவந்தோம். வழியெல்லாம் அந்த மாமன் என் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது என்று ஊர்க்காரர்கள் என்னைக் கேட்டார்கள். "மரத்திலிருந்து முள்ளு மேல விழுந்தான்னு சொல்லுங்க சார். கேஸ் ஆச்சுன்னா மாமனும் போயிடுவான், குடும்பமும் போயிடும்." நான் அப்படியே சொன்னேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்கவில்லை.

பையன் பிழைத்துக்கொண்டான். ஒரு ரவையை எடுத்தால் நரம்புக்கு ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். இன்று அவனுக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது. என்னைப் பார்க்க வந்தால் தோளைத் தொட்டுக் காட்டி, "சார், பாக்கி இன்னும் இங்கேயேதான் இருக்கு" என்பான். அவன் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது. அன்று நான் சொன்ன பொய்யால் அந்தத் துப்பாக்கி மறுபடி அதே கூரைக்குப் போனது. அதற்கப்புறம் எத்தனை வருஷம் அது அங்கே இருந்ததோ. நாற்பது வருஷம் கழித்து இதை வெளியே சொல்கிறேன்.

நாட்டுத் துப்பாக்கியில் சோக் என்ற பேச்சுக்கே இடமில்லை. குழாயின் உள்பக்கம் ஒரே சீராக இருக்கிறதா என்பதே யாருக்கும் தெரியாது. வாய்வழியாக மருந்தைக் கெட்டித்து, பால்ரஸோ இரும்புத் துண்டோ கையில் கிடைத்ததைப் போடுகிறார்கள். நாற்பது கஜத்தில் வட்டத்துக்குள் எத்தனை விழும் என்று செய்தவருக்கும் தெரியாது, சுடுகிறவருக்கும் தெரியாது. பாக்கி எத்தனை என்று தெரியாத கணக்கு அது. சில சமயம் முன்னால் போக வேண்டியது பின்னால் வெடித்துச் சுட்டவரின் கையையே கொண்டுபோய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது? லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை. போலீஸ் அவ்வப்போது மலைக் கிராமங்களில் கூட்டம் போட்டு, தாங்களாகவே முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று சொல்கிறார்கள். ஊர்ப் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. மலையில் இருக்கும் என் பிள்ளைகளே, அடுத்த முறை அப்படிச் சொல்லும்போது கொடுத்துவிடுங்கள். பஞ்சாயத்துத் தலைவரையோ வாத்தியாரையோ கூட வைத்துக்கொண்டு கொடுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். முட்டி வலி இருக்கிறது, இருந்தாலும் வருவேன்.

ஆனால் இங்கேயே முடித்துவிட்டால் அது பாதி நியாயம்தான்.

துப்பாக்கியைக் கொடு என்று சொல்கிற நாம், அந்தக் கொல்லையில் பன்றி வராமலிருக்க என்ன செய்தோம்? பத்து மாதம் காத்த மரவள்ளியை ஒரே ராத்திரியில் உழுது போட்டுவிட்டுப் போகும். 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவு எடுத்தது. காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் வனத்துறை ஆட்களே சுடலாம். விவசாயி சுட முடியாது. கீழே கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கம் இது உதவும். மேலே? காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கொல்லையை மலையில் எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம். மலைக்காரனுக்கு அந்த முடிவில் கிடைப்பது பெரும்பாலும் முதல் வரி மட்டும்தான்.

ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவில், பயிர்க் காவலுக்கு உண்மையாகத் தேவைப்பட்டால் வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்றே இருக்கிறது. ஆனால் அந்த லைசென்ஸ் பன்றியைக் கொல்ல அனுமதி ஆகாது. சத்தம் போட்டு விரட்டலாம், அவ்வளவே. சத்தம்தான் வேண்டும் என்றால் அதற்கு ஈயம் எதற்கு? என் கருத்து இதுதான்: மலையில் துப்பாக்கியை வாங்கிக்கொள்ளும் அதே நாளில் வேலிக்கும் பயிர் இழப்பீட்டுக்கும் மனு வாங்கிக்கொள்ள வேண்டும். இழப்பீடு அடுத்த விதைப்புக்குள் கைக்கு வர வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் இன்னொரு கூரையில் இன்னொரு குழாய் முளைக்கும். நிவாரணத்தை மெதுவாகவும் சோதனையை வேகமாகவும் அனுப்பினால் ஜனங்கள் எதை நம்புவார்கள்?

இப்போது அண்ணன் மகனுக்கு வருகிறேன். தம்பி, கோபித்துக்கொள்ளாதே.

முதல் தப்பு, குழலை அறுக்கும் யோசனை. சோக் இருப்பதே குழலின் கடைசி இரண்டு மூன்று அங்குலத்தில்தான். ஒரு அடி அறுத்தால் வலது குழலின் கால் சோக்கும் போகும், இடது குழலின் முழு சோக்கும் போகும். இரண்டு தூரத்துக்காகச் செய்த கருவி, எந்தத் தூரத்துக்கும் உதவாத இரண்டு குழாய் ஆகிவிடும். அதைவிடப் பெரிய விஷயம், அனுமதியில்லாமல் குழலைக் குட்டையாக்குவது ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி குற்றம். தண்டனை 7 ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை போகிறது. உனக்கு யோசனை சொன்னவர் உன்னோடு ஜெயிலுக்கு வரப்போவதில்லை.

இரண்டாவது தப்பு, பன்றிக்கு ஒரு வெடி என்றாயே, அது. மேலே சொல்லிவிட்டேன். உனக்கு அந்த அதிகாரம் கிடையாது. உன் கொல்லைக்கு இந்தப் பக்கம் காலனி, அந்தப் பக்கம் ரோடு, நடுவில் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும் ஆட்கள். எட்டு குண்டு எஸ்.ஜி. தோட்டாவில் ஐந்து பன்றி மேல் பட்டாலும் பாக்கி மூன்று இருக்கிறது. 600 மீட்டருக்குள் யார் யார் வீடு இருக்கிறது என்று எண்ணிப் பார்.

மூன்றாவது, அந்தத் துப்பாக்கியை நீ தெரிந்துகொள்ளவே இல்லை. பழைய சீமைத் துப்பாக்கி அது. குழலைத் திறந்து அடியில் பார்த்தால் முத்திரைகள் இருக்கும். சோக் உள்ள குழலுக்கு அந்தக் காலத்திலேயே அப்படி முத்திரை குத்தினார்கள். இத்தாலி, ஸ்பெயின் துப்பாக்கிகளில் நட்சத்திரம் போடுவார்கள், ஒரு நட்சத்திரம் என்றால் முழு சோக், நட்சத்திரம் கூடக் கூட வாய் அகலம். நட்சத்திரம் அதிகம் என்றால் சோக் அதிகம் என்று தலைகீழாக நினைப்பவர்கள் நிறைய. இன்னொன்று, தோட்டா உட்காரும் அறையின் நீளம். பழைய துப்பாக்கிகளில் இரண்டரை அங்குலம், 65 மில்லிமீட்டர். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் 70. 70 தோட்டா 65 அறைக்குள் பிரமாதமாகப் போய் உட்காரும், ஆபத்தே அதுதான். வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறிவிடும். குழலில் பாய் முடைந்த மாதிரி கோலம் தெரிந்தால் அது இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். பழைய கரிமருந்துக்குச் செய்தது. அதில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது. இதையெல்லாம் பார்க்கத் தெரிந்த கம்மியரிடம் காட்டாமல் ஒரு தோட்டா கூட உள்ளே போகக்கூடாது.

சரி, சட்டப்படி உனக்கு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. லைசென்ஸ்தாரர் இறந்தால் வாரிசு விண்ணப்பிக்கலாம். 2016 விதிகளின்படி 70 வயதானவரோ, 25 வருஷம் வைத்திருந்தவரோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொடுக்க விண்ணப்பிக்கலாம். வயதான உறவினர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு அலைச்சல் மிச்சம். பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். பத்திரமாகப் பூட்டி வைக்கும் ஏற்பாடு வேண்டும். லைசென்ஸ் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்து வாங்க வேண்டும். வேண்டாம் என்றால் லைசென்ஸ் உள்ளவருக்கோ ஆயுதக் கடைக்கோ முறையாக விற்கலாம், அரசிடமே விட்டுவிடலாம்.

நான் என்ன சொல்கிறேன்? கவுரவத்துக்கு என்றால் எடுக்காதே. கல்யாணத்தில் தோளில் மாட்டிப் போட்டோ எடுக்க என்றால் எடுக்கவே எடுக்காதே. கற்றுக்கொள்ள ஆசை என்றால் எடு, ஆனால் கொல்லைக்குக் கொண்டுபோகாதே. துப்பாக்கி சுடும் கழகத்துக்குப் போ. கோயம்புத்தூரில் இருக்கிறது, சென்னையில் இருக்கிறது. புதுக்கோட்டையின் பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் சுட்டார், தெரியுமா? பறக்கும் களிமண் தட்டைச் சுடுகிற போட்டி. மேலும் கீழுமாக அமைந்த இரட்டைக்குழல்தான் அதற்கும். தட்டு விலகி ஓடும், அதனால் அங்கே குறுகலான சோக் போடுகிறார்கள். ஸ்கீட் என்று இன்னொரு போட்டி, தட்டு கிட்டத்தில் குறுக்கே பறக்கும், அதற்கு அகலமான சோக். இப்போது சோக்கையே திருகிக் கழற்றி மாற்றுகிறார்கள். தூரத்துக்குத் தகுந்த சோக் என்ற பெரியப்பாவின் பாடம்தான் ஒலிம்பிக்கிலும்.

ஒரே ஒரு வித்தியாசம். அங்கே பாக்கி ரவை விழுவதற்கென்றே ஆள் நடமாட்டம் இல்லாத நிலத்தை ஒதுக்கி வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு அந்த ஏரிக்கரை மண்மேடு இருந்தது. உன் கொல்லையைச் சுற்றி அப்படி ஒரு அடி நிலம் இல்லை. பாக்கிக்கு இடம் ஒதுக்காதவன் விசையில் விரல் வைக்கக்கூடாது. கூரையில் ஒளித்து வைத்திருப்பவருக்கும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பவருக்கும் நான் சொல்வது இது ஒன்றுதான்.

சில உறவுக்காரர்களுக்கு என் மேல் வருத்தம் வரும். பெரியப்பா பேரைக் காப்பாற்ற வேண்டாமா என்பார்கள். பெரியப்பா பேர் அந்தக் குழலில் இல்லை. வேட்டியில் ஒட்டிய செய்தித்தாளில் இருக்கிறது. சுட்டபின் ஓட்டையை எண்ணின மனுஷர் அவர். தப்பிப் போனதையும் எண்ணச் சொன்னவர்.

தம்பி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. சித்தி கையால் சாப்பிட்டுவிட்டு, உன் கொல்லையின் வரைபடம் ஒன்றைக் காகிதத்தில் போடுவோம். நடுவில் நீ நிற்கிறாய் என்று புள்ளி வை. 200 மீட்டருக்கு ஒரு வட்டம், 600 மீட்டருக்கு ஒரு வட்டம். உள்ளே இருக்கும் வீடுகளை எண்ணு. எண்ணி முடித்த பிறகும் துப்பாக்கி வேண்டும் என்றால், மனு எழுத நானே உதவுகிறேன்.

மலையிலிருந்து படிக்கிற பிள்ளைகளும் இதே வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். உங்கள் கொல்லைக்குப் பக்கத்துப் பரணில் யார் படுத்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள்.

இது வீட்டுப்பாடம். மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்